பனிக்கட்டி மேல் பதின்மூன்று பேர்

3 நவம்பர் 1968, ஞாயிறு

பெங்களூர்க்காரர்களை 5–2 என்று அடித்து ரயில் ஏற்றிவிட்டோம். சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு மரத்தரையில் ஆடும் ஹாக்கியில் மைசூர் மாநிலத்தில் எங்களை அசைக்க இன்னும் ஆள் பிறக்கவில்லை. இதை நானேதான் எழுதிக்கொள்ள வேண்டும், வேறு யார் எழுதப்போகிறார்கள்? கோல் கம்பத்தில் நின்றவன் நான். உள்ளே போன இரண்டில் ஒன்று எங்கள் ஆள் நாகேஷின் காலில் பட்டுத் திரும்பியது. அதை என் தலையில் கட்டக்கூடாது.

நாங்கள் ஆடும் இந்தச் சுரங்கக் கிளப்பின் தரையில்தான் ஒரு காலத்தில் துரைமார்கள் நடனம் ஆடினார்கள். அப்பா அதற்கு மெழுகு தேய்த்தவர். தேய்த்து முடித்ததும் பின்வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். 1956இல் தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு முன்வாசல் திறந்தது. அதே தரையில் இன்று விழுந்து புரண்டுவிட்டு வந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. வீங்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் டேவிட் ஒரு கடிதத்தை எடுத்தார். அவர்தான் எங்கள் கேப்டன். சர்வே ஆபீஸில் வேலை, வாரத்தில் நான்கு நாள் எங்களோடு சுரங்கத்தில் இறங்குபவர். இங்கிலீஷில் எது வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். ஜனவரியில் சிம்லாவில் இந்திய ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். டெல்லியில் இருக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களின் ஆட்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருக்கிறார்கள். அவர்களோடு ஆட இந்தியாவுக்கு ஓர் அணி வேண்டும். ஐஸ் பழக்கம் உள்ளவர்கள் குறைவு என்பதால் சக்கர ஹாக்கிக்காரர்களும் வரலாம். இங்கிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்: டேவிட், நாகேஷ், நான்.

நான் ஐஸ் பார்த்திருப்பது சோடாக் கடையில், மரத்தூளுக்குள்.

4 நவம்பர்

வீட்டுக்காரி ராணியிடம் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு மைல் ஆழத்துல எறங்கி வெந்துகினு வர்ற ஆளு, ஐஸ் மேல போய் நிக்கப்போறாராம். கேட்டா சிரிக்காம இன்னா பண்ணுவேன்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே ஸ்வெட்டர் ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று கேட்டாள். பிறகு சாப்பிட்டேன்.

12 நவம்பர்

லீவு கிடைக்கவில்லை. போக, வர, ஆட — ஞாயிறு போக இருபத்தொரு வேலைநாள் வேண்டும். என் பேரில் மிச்சம் இருப்பது ஒன்பது. அதிகாரி கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். ஆள் குறைந்தால் கீழே வேலை நிற்கும் என்றார். அது எனக்கும் தெரியும். டேவிட்டுக்கும் நாகேஷுக்கும் லீவு சேர்ந்து கிடக்கிறது. நான் என் லீவைப் போன வருடம் மலேரியாவில் படுத்துக் கரைத்துவிட்டேன்.

அப்புறம் என்ன. ஸ்டிக்கைப் பரணில் போட்டேன்.

14 நவம்பர்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எங்கள் கேங்கில் பதின்மூன்று பேர். பாறைக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. மதியம் கீழேயே உட்கார்ந்து சாப்பிடும்போது, லீவு கிடைக்கவில்லை என்று சும்மா பேச்சுக்குச் சொன்னேன். சிவலிங்கம் மேஸ்திரி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"கொறையறது பன்னெண்டு ஷிஃப்ட். நாங்க பன்னெண்டு பேரு கீறோம். ஆளுக்கு ஒண்ணு. முடிஞ்சிப்போச்சி."

ஒரு ஷிஃப்ட் என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கோவணத்தோடு நின்றாலும் வியர்வை பூட்ஸில் தேங்கும். எட்டு மணி நேரம் அப்படி வெந்த உடம்பை மேலே அனுப்பாமல் இன்னும் எட்டு மணி நேரம் நிறுத்துவது. எனக்காக. பன்னிரண்டு பேரும். வேண்டாம் மேஸ்திரி என்றேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"தோத்துட்டு வா, பரவால்ல. ஆடாம மட்டும் வந்துடாத."

மாற்று ஷிஃப்டுக்கு அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன். ஆனால் அங்கே போய் என்னை எடுக்காவிட்டால்? இந்தப் பன்னிரண்டு பேர் முகத்தையும் நான் எப்படிப் பார்ப்பேன்?

1 டிசம்பர், ஞாயிறு

ஐஸ் மேல் முதல் நாள். கொல்லுப் பட்டறை தங்கவேலு அண்ணன் பழைய ரம்ப இரும்பை அடித்துத் தீட்டி, மூன்று ஜோடி பூட்ஸுக்குக் கத்தி பொருத்திக் கொடுத்தார். காலை ஆறு மணிக்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து இருபது பாளம் ஐஸ் மாட்டுவண்டியில் வந்தது. கிளப் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் உமி பரப்பி, அதன் மேல் பாளங்களை அடுக்கி, இடுக்கில் தண்ணீர் ஊற்றினோம். பார்க்க ஒரு பெரிய கட்டில் அளவு. அதுதான் எங்கள் மைதானம்.

நாகேஷ் ஏறினான், விழுந்தான். டேவிட் ஏறினார், விழுந்தார். நான் ஏறி மூன்று எண்ணும் வரை நின்றேன். ஏழேகாலுக்கு வெயில் வந்தது. ஏழரைக்கு அது குட்டை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிச்ச ஐஸை அள்ளிக்கொண்டு போய் எலுமிச்சை சர்பத் போட்டுக் குடித்தார்கள், எங்களுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் வந்தது.

மூன்று எண்ணும் வரை நின்றேன் என்பதை மறுபடி எழுதுகிறேன்.

15 டிசம்பர்

ராணி கிரிக்கெட் கால்காப்பைப் பிரித்து உள்ளே இலவம்பஞ்சு அடைத்துத் தைத்திருக்கிறாள். மார்புக்கும் ஒன்று. போட்டுக்காட்டச் சொன்னாள். மெத்தை எழுந்து நடப்பதுபோல் இருக்கிறதாம். தலைக்கு என் சுரங்கத் தொப்பி போதும், விளக்கை மட்டும் கழற்றிவிட வேண்டும்.

22 டிசம்பர்

பயமாக இருக்கிறது. ராணியிடம் சொல்லவில்லை.

5 ஜனவரி 1969, ஞாயிறு

எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் கூட்டம். மேஸ்திரியும் கேங்கும் நின்றார்கள். அந்தப் பன்னிரண்டு ஷிஃப்டை யாரும் நினைவூட்டவில்லை. அதுதான் கனமாக இருந்தது. ராணி மட்டும் ஜன்னல் பக்கம் வந்து, காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதீர்கள் என்று நான்கு முறை சொன்னாள். இனி பன்னிரண்டு நாள், நாளுக்கு ஒருவராக என் இடத்தில் பதினாறு மணி நேரம் நிற்பார்கள்.

10 ஜனவரி, சிம்லா

பங்காருப்பேட்டை, மெட்ராஸ், டெல்லி, கால்கா, அப்புறம் ஒரு பொம்மை ரயில். ஐந்து நாள். என் பல் ஒன்றோடொன்று தானாக மோதுகிறது, நிறுத்த முடியவில்லை. நாகேஷ் பீடி இல்லாமலே புகை விட்டுக்கொண்டு திரிகிறான். பேனா மை உறைந்துவிட்டதால் பென்சிலில் எழுதுகிறேன்.

13 ஜனவரி

மொத்தம் பத்தொன்பது பேர் வந்திருக்கிறார்கள். பட்டாளத்து ஆட்கள், உள்ளூர்க்காரர்கள், கல்கத்தாவிலிருந்து இரண்டு பேர், நாங்கள். பொறுக்கி எடுப்பவர் ரிட்டயர் ஆன மேஜர் ஒருவர். சிரிக்காத முகம், கையில் சின்ன நோட்டு. ஊருக்குள் இருக்கும் ரிங்கை, அதாவது ஐஸ் மைதானத்தை, இந்த மூன்று நாளும் தூதரகத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டதால், எங்களை மேலே மலையில் உறைந்து கிடக்கும் ஒரு குட்டைக்குக் கூட்டிப்போனார்கள்.

பந்து கிடையாது. கறுப்பு ரப்பர் தட்டு, அதை பக் என்கிறார்கள். காலையில் மட்டும் பதினொரு முறை விழுந்தேன். ஆனால் கோலில் நிற்கவிட்டால் விழவில்லை. கால் வழுக்கினாலும் கை வழுக்காது.

கோலுக்கு இரண்டே பேர். நானும், லடாக்கிலிருந்து வந்த ஒரு சிப்பாயும். அவன் ஐஸ் மேல் நடப்பது நாம் வீட்டுக்குள் நடப்பதுபோல. இருப்பது ஓர் இடம்.

14 ஜனவரி

மானம் போச்சு.

மத்தியானம். நான் கோலில். லடாக்காரன் கம்பத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து பக் வந்துகொண்டிருந்தது. அப்போது காலுக்கு அடியில் படார் என்று ஒரு வெடிச் சத்தம். குட்டை முழுக்க ஓடி எங்கேயோ மலையில் போய் இடித்தது.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால்தானே? சுரங்கத்தில் பாறை வெடிப்பது இப்படித்தான், சொல்லாமல் வரும். நாங்கள் அதை பர்ஸ்ட் என்போம். சத்தம் கேட்டால் பக்கச் சுவரோடு ஒட்டிப் படுத்துத் தலையை மூட வேண்டும். புழுதி அடங்குமுன் ஒருவர் பெயர் பெயராகக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உடம்பில் ஏறியது இது. இங்கே சுவர் ஏது? இல்லாத சுவரைத் தேடிக் குப்புற விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"டேவிட்!"

"கீறேன்!"

"நாகேஷ்!"

"கீறேன்!"

தலையைத் தூக்கிப் பார்த்தால், நாங்கள் மூன்று பேர்தான் ஐஸ் மேல் பல்லிபோல் ஒட்டிக் கிடக்கிறோம். மற்ற பதினாறு பேரும் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். பக் மெதுவாக என்னைத் தாண்டி கோலுக்குள் போனது. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள். ஒருவன் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான். குளிரில் ஐஸ் இறுகும்போது அப்படித்தான் சத்தம் போடுமாம். சத்தம் போட்டால் ஐஸ் கெட்டியாக இருக்கிறதென்று அர்த்தமாம். எங்களுக்கு யார் சொன்னது?

லடாக்காரன் சிரிக்கவில்லை. மேஜரும் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார்.

கீழே பன்னிரண்டு பேர் எனக்காக வெந்துகொண்டிருக்கிறார்கள். நான் இங்கே குப்புறப் படுத்து ஊர் சிரிக்க... எழுத முடியவில்லை.

15 ஜனவரி

மேஜர் கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்குப் போகச் சொல்லத்தான் என்று நினைத்து, கம்பளியை மடித்து வைத்துவிட்டே போனேன்.

ஏன் படுத்தாய் என்று கேட்டார். டேவிட் இங்கிலீஷில் விளக்கினார். மேஜர் என்னைப் பார்த்து, நிஜமாகவே அப்படி வெடித்து நீ பார்த்திருக்கிறாயா என்றார். இதற்கு டேவிட் எதற்கு? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். 1962, நான்கு பேர், அதில் இரண்டு பேர் எனக்கு அடுத்து நின்றவர்கள், பெயர் கூப்பிட்டபோது குரல் வரவில்லை.

மேஜர் நோட்டை மூடி வைத்தார். அப்புறம் ஒன்று சொன்னார், டேவிட் வெளியே வந்து எனக்கு முழுசாக விளக்கினார். 65 யுத்தம் முடிந்து வந்த புதிதில் டெல்லிக் கடைத்தெருவில் ஒரு லாரி டயர் வெடித்ததாம். மேஜர் காய்கறி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாராம், மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவரைப் பார்த்தும் தெரு சிரித்ததாம்.

ஆனால் பரிதாபப்பட்டு யாரையும் எடுக்க மாட்டேன், நாளை சாயங்காலம் ரிங்கில் கோல்கீப்பர் இருவருக்கும் கடைசிப் பரீட்சை என்று முடித்துவிட்டார். அது எனக்குப் பிடித்தது. பரிதாபம் வாங்கவா ஐந்து நாள் ரயிலில் வந்தேன்?

16 ஜனவரி

ஆட்டம் சாயங்காலம் நடக்கும் என்பதால் பரீட்சையும் சாயங்காலம். வெளிச்சம் மங்கிவிட்டது. ரிங்கைச் சுற்றி நாற்பது பல்ப் கட்டியிருக்கிறார்கள், ஆனால் கரண்ட் குறைவாக வந்ததால் எல்லாம் பழுப்பாக எரிந்தது. ஆளுக்குப் பத்து தடவை பக் அடிப்பார்கள்.

லடாக்காரன் முதலில். பளீரென்ற வெயிலிலும் வெள்ளைப் பனியிலும் பழகிய கண் அவனுக்கு. கறுப்புத் தட்டு அந்த அரையிருட்டில் வருவதே தெரியவில்லை, ஐந்து உள்ளே போனது.

அடுத்து நான். பத்து வருடம் நெற்றியில் ஒரே ஒரு விளக்கோடு, விழப்போகும் கல் எது என்று பார்த்துப் பார்த்து நின்றவன். நாற்பது பல்ப் எனக்குத் தீபாவளி. பக்கில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. எட்டு நிறுத்தினேன். ஒன்பதாவதும் கையில் பட்டது, விரல் உறைந்திருந்ததால் நழுவிவிட்டது.

லடாக்காரன் நேராக என்னிடம் வந்து, தன் ஆட்டுத்தோல் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டான். அவன் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவனுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

17 ஜனவரி

கோல்கீப்பர்: அசோகன், மைசூர்.

சுவரில் ஒட்டியிருந்ததை நான்கு தடவை போய்ப் படித்தேன். நாகேஷ் பெயரும் இருக்கிறது. டேவிட் பெயர் இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்தவர், எங்களைக் கட்டி இழுத்துவந்தவர். அரை மணி நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பும்போது கை நிறைய வறுத்த வேர்க்கடலை. எங்களுக்குப் பங்கு வைத்தார். ஆட்டத்தன்று நான் எத்தனை தடுக்கிறேன் என்று எண்ணுவது தன் வேலை என்றார்.

மேஸ்திரிக்குத் தந்தி கொடுத்தோம். ஒரே வார்த்தை: ஆடுகிறேன்.

22 ஜனவரி

முடிந்தது. 9–2. ஒன்பது அவர்கள்.

நீலச் சட்டையில் மார்புக்குக் குறுக்கே வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த இந்தியா. என் தலையில் சுரங்கத் தொப்பி. எதிரணியில் ஒரு நெட்டை மனிதர் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார். எடுக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். அவர்கள் பிறந்த நாளிலிருந்து ஐஸில் ஆடுகிறவர்கள். நான் டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து.

முதல் பகுதியில் ஐந்து போட்டார்கள். இரண்டாவதில் மூன்று. கடைசியில் ஒன்றுதான். அந்தக் கடைசிப் பகுதியில் பல்ப் வழக்கம்போல் பழுப்படித்தது. அவர்கள் அடிக்க, நான் தடுக்க, மறுபடி அடிக்க. கால்காப்புத் தையல் பிரிந்து பஞ்சு ஐஸ் மேல் பறந்தது. நாகேஷ் எங்கிருந்தோ புகுந்து எங்கள் இரண்டாவது கோலைப் போட்டான், போட்ட வேகத்தில் வேலியில் போய் மோதினான். சனம் எழுந்து நின்று கத்தியது. எங்களுக்காக.

முடிந்ததும் அந்த நெட்டை மனிதர் வந்து தொப்பியைத் தட்டிப் பார்த்து, எங்கே வேலை என்று கேட்டார். கோலார் தங்கவயல் என்றேன். எங்கள் ஊர்ப் பெயரை இவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை.

டேவிட்டின் எண்ணிக்கை: தடுத்தது நாற்பத்து மூன்று.

24 ஜனவரி, ரயிலில்

பேப்பரில் மூன்று வரி. யார் பெயரும் இல்லை. இந்தியா என்று இருக்கிறது. அது நான்தான்.

28 ஜனவரி

வீடு. ராணி என் உரிந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "துணி கட்டினீங்களா?" கட்டினேன் என்றேன். பொய் என்று கண்டுபிடித்துவிட்டாள். தெரு முழுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள், பிரிந்த கால்காப்பை வாசல் ஆணியில் மாட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். என்னிடம் மட்டும், ஒன்பது விட்டீர்களாமே என்கிறாள்.

30 ஜனவரி, வியாழன்

முதல் ஷிஃப்டுக்கு இறங்கினேன். நேற்று என் இடத்தில் கடைசி ஆளாக இரட்டை ஷிஃப்ட் நின்றவர் மேஸ்திரி. கண் இன்னும் சிவப்பாக இருந்தது. காலை முழுக்க வேலை, வேலை மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். விளக்கை எல்லாம் என் பக்கம் திருப்பினார்கள். பாறை கொதிக்கிறது, எல்லார் முதுகிலும் வியர்வை ஓடுகிறது. குளிர் எப்படி இருக்கும் சொல் என்றார்கள். சொன்னேன். மூச்சு புகையாக வருவது, மை உறைவது, வாளித் தண்ணீரைக் காலையில் கல்லால் உடைப்பது. வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். இன்னொரு தடவை கேட்டார்கள், இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்து கேங்கும் வந்து நின்றது. குட்டையில் குப்புற விழுந்ததையும் மறைக்காமல் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வேறென்ன செய்வதாம் என்றார் ஒருவர்.

9–2 என்று சொல்லத் தொண்டையைச் செருமினேன். மேஸ்திரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும் அசோகா. நம்ம எத்தினி தடுத்தோம்?"

நாற்பத்து மூன்று என்றேன். ட்ரில் சத்தத்தில் காது மந்தமானவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். மேஸ்திரி திரும்பி அவர்களுக்கு உரக்கச் சொன்னார், நாற்பத்து மூன்று தடுத்தோமாம் என்று. அவர்கள் பக்கத்து கேங்குக்குச் சொன்னார்கள். பிறகு எழுந்து கட்டையைத் தூக்கினோம்.